சேகரித்தவர் யார்?

செடியைப் பிடுங்கி, செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, கெட்டித்தாளில் ஒட்டி, கீழ் மூலையில் ஒரு சீட்டு வைப்பார்கள். லத்தீன் பெயர், இடம், தேதி, சேகரித்தவர் பெயர். ஹெர்பேரியம் என்பது இந்தத் தாள்களின் கிடங்கு. இந்தச் செடி இன்ன நாளில் இன்ன இடத்தில் நின்றது என்பதற்குத் தாவரவியலில் இதுதான் சாட்சி. அந்தச் சாட்சியத்தில் ஒரே ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. சேகரித்தவர் என்றால் யார்?

தாம்பரத்துக்காரர்களுக்கு இது அந்நியச் சங்கதி அல்ல. 1937இல் இங்கே வந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். தென்னிந்திய மலைகளில் செடி தேடியவர். 1933இல் ஒரு செடிக்கு அரிசீமா பார்ன்சீ என்று அவர் பெயரை வைத்தார்கள். அலைந்தவருக்கு மரியாதை, அதில் எனக்கு வழக்கில்லை. அவருக்கு நூறு வருஷம் முன்னால் ராபர்ட் வைட்டுக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து பெயர்களும் தப்பின. கோவிந்து பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினமே வந்தது. வைட்டுக்காகக் காடு காடாய்ப் போய்ச் செடி கொண்டுவந்த கூலி ஆட்கள்?

‘அந்தக் காலம் அப்படி’ என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவரத் தொடங்கிய ஹோர்தூஸ் மலபாரிகஸின் முதல் தொகுதியிலேயே ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்று அவர் பெயரோடு இருக்கிறது. மனசு இருந்தால் முடியும். ஆனால் அங்கேயும் மரம் ஏறிக் கிளை ஒடித்தவனுக்குப் பெயரில்லை. அறிவுக்குக் கையெழுத்து, உடம்புக்குக் கூலி. இந்தப் பிரிவினையை நாம் வேறெங்கோ நன்றாகவே பார்த்திருக்கிறோம்.

ஏறினவனுக்கு அறிவு கிடையாதா? அகத்தியமலையில் 1987இல் விஞ்ஞானிகள் களைத்துப்போக, வழிகாட்டிய காணிக்காரர்கள் தின்னக் கொடுத்த காய் ஆரோக்கியப்பச்சை. அந்த இனத்துக்கு 1788லேயே லத்தீன் பெயர் அச்சேறிவிட்டது. அது களைப்பு போக்கும் என்று விஞ்ஞானிகளுக்குச் சொன்னவர்கள் காணிகள். பிறகு ஜீவனி மருந்தாகி, உரிமைப் பணத்தில் பாதி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது.

எங்க பெரியம்மா சேலையூர் ஏரிக்கரையில் புல்லறுத்தவள். எங்கேயோ வெளியூரிலிருந்து செடி தேடி வந்த மாணவர்களுக்குத் தும்பை எது, கவிழ்தும்பை எது என்று ஒரு பொழுது முழுக்கக் காட்டினாள். ‘பேர் என்னம்மா?’ன்னு கேட்டாங்களாம். செடியோட பேரை.

பெயரைச் சேர்த்துவிட்டால் தீர்ந்ததா என்றும் யோசிக்கிறேன். பழைய தாள்களில் இல்லாத பெயரை நாம் புனைந்து ஏற்ற முடியாது, அது பொய்ச்சாட்சி. ‘ஒரு இருளர் காட்டினார்’ என்று எழுதினாலோ ஆள் போய்ச் சாதி மட்டும் மிஞ்சும். சேகரித்தவர் வரியிலேயே, காற்புள்ளி போட்டு, முழுப் பெயர் வரவேண்டும். நன்றி நவிலும் அடிக்குறிப்பில் அல்ல.

‘பேரை வச்சு என்ன பண்றது, கூலியைக் கேளு’ என்கிறார் ஒரு தோழர். நியாயம்தான். பெரியம்மாவுக்கு அன்னைக்கி ரெண்டும் வரல. புல்லுக்கட்டும் பாதிதான் ஆச்சு.