ஓய்வும் ஓர் அறமாமோ?

ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாட்டிற்கு மட்டுமன்றி, உள்ளமும் உடலும் இளைப்பாறுதற்கும் தடையான வேலைகளைத் தவிர்க்குமாறு 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1247ஆம் விதி பணிக்கின்றது. மாமாங்கேசுவரர் ஆலயத்தாற் பெயர்பெற்ற அமிர்தகழியிலே வாழும் கத்தோலிக்கத் தாயொருத்தியை இவ்விதி எட்டுகின்றதா? பூசை கண்டு மீளும் அவளுக்கு வாவி மீனும் அடுப்பும் காத்திருக்கின்றன. ஞாயிறென்பதாற் சமையலும் கூடுகின்றது.

செபம் வேலையோடு இயைவது. மீன் வெட்டும்போதும் 'அருள்நிறைந்த மரியே' நாவில் வரும். வாசிப்போ கையையும் கண்ணையும் ஒருங்கே கேட்பது. விவிலியத்தை நம்பிக்கையாளர் யாவரும் அடிக்கடி வாசிக்க வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வற்புறுத்திற்று. அதற்கான பொழுதை அவளுக்கு யார் வழங்கினர்?

லூக்கா நற்செய்தியிலே மரியாள் இயேசுவின் காலடியில் அமர்ந்திருக்க, மார்த்தாள் பணிவிடைகளால் அலைக்கழிகின்றாள். மரியாளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் எனப் பிரசங்கிப்பது எளிது. அன்றைய உணவை ஆக்கியவர் யாரெனப் பிரசங்கிமார் கேட்பது அரிது. தாயோ அவ்விருவருமாக இருக்கவேண்டியவள். அவள் நாவலொன்றை விரித்தால் 'சும்மா இருக்கிறாள்' என்னும் வீடு, செபப்புத்தகத்தை விரித்தால் வாய் மூடுகின்றது. ஓய்வெடுப்பதற்குப் பக்தியைச் சாட்டாகக் காட்டவேண்டிய இந்நிலை, பக்திக்கும் பெருமை தருவதன்று. இளைப்பாறுதல் அவளுக்கும் விதிக்கப்பட்டதாயின், ஞாயிறு மதியம் கணவனும் பிள்ளைகளும் பாத்திரம் துலக்குவது அவளுக்குச் செய்யும் தயவாகாது; 1247ஆம் விதி அவர்கள்மீது சுமத்தும் கடனே அது.