நில நடுக்கமும் வினைக் கொள்கையும்

பிறருக்குப் பெருந்துன்பம் நேரும்போது, "அது அவர்கள் செய்த வினை" என்று சொல்லிவிடுதல் எளிது. அச்சொல் அறத்தின்பாற்பட்டதா, அன்றி நம் கடமையினின்று நழுவும் வழியா என்பதை ஈண்டுச் சிந்திக்க விழைகிறோம்.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் காலையில், கேரளத்தின் ஈராட்டுப்பேட்டை அருகே ரிக்டர் அளவில் 5 என மதிப்பிடப்பட்ட நில நடுக்கம் ஏற்பட்டது. மலைக்கு இப்பால் நம் தேனி, கம்பம் பகுதிகளிலும் அதிர்ச்சி உணரப்பட்டது. பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் கலகலத்தன. தெருவுக்கு ஓடி வந்த நாம், சற்று நேரத்தில் வீடு திரும்பி அதனை மறந்தோம்.

நாற்பத்தைந்து நாள்கள் கழிந்தன. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலம் பேரளவில் நடுங்கிற்று. பல்லாயிரவர் மாண்டனர். அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற பள்ளிச் சிறாரும் உடன் சென்ற ஆசிரியர்களும் குறுகிய தெருவில் இருபுறமும் சரிந்த கட்டடங்களின் அடியில் புதையுண்டனர். பத்ரேஷ்வரில் உள்ள பழம்பெரும் ஜினாலயமும் பெருஞ்சேதமுற்றது. நோயுற்ற மாடுகளையும் பறவைகளையும் பேணி வந்த சமணக் குடும்பங்கள் பல வாழும் நாடு அது.

அவ்வாரம் ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "எல்லாம் அவரவர் வினைப்பயன்" என்றார். நாமும் தலையசைத்தோம். மறுநாள் வகுப்பறையில் பிள்ளைகளின் முகங்களைக் கண்டபோது அத்தலையசைப்பு நம் நெஞ்சை உறுத்திற்று. கொடியேந்திச் சென்ற அச்சிறாரும் இவர்களைப் போன்றவர்களே அன்றோ?

இத்தகைய கேள்வி புதிதன்று. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நில நடுக்கம் நிகழ்ந்தது. அப்போது தமிழகத்தில் தீண்டாமை ஒழிப்புப் பயணம் மேற்கொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை அது எனத் திருநெல்வேலியில் உரைத்தார். தீண்டாமையைத் தாமும் வெறுத்த கவி தாகூர், இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணமே உண்டு என்று கூறி அக்கருத்தை மறுத்தார்.

சமணர்க்கு இவ்விவாதத்தின் முதற்பாதி எழுவதே இல்லை. உலகைப் படைத்துத் தண்டிக்கும் இறைவனை நாம் கொள்வதில்லை. ஆயினும், தண்டிக்கும் கடவுள் இருந்த இடத்தில் வினையை அமர்த்திவிட்டு, அதே கடுமொழியை நாம் பேசலாமா?

ஒவ்வோர் உயிரும் தன் வினையின் பயனைத் தானே துய்க்கிறது என்பது நம் கொள்கை, அதில் ஐயமில்லை. ஆனால், எவ்வுயிரின் எவ்வினை எப்போது பயன் தரும் என்பதை முற்றுணர்ந்த கேவலஞானியே அறிவார். நாம் அறியோம். பிறர் வினையைப் படித்துத் தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கு இல்லை. மேலும், வினைப்பயன் விளைவதற்குப் புறத்தே ஒரு நிமித்தமும் வேண்டும் என்பர் சான்றோர். அந்த நிமித்தம் பெரும்பாலும் நாம் எழுப்பிய சுவரே ஆகும்.

1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியுமுன், மகாராட்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரிப் பகுதியில் நிலம் நடுங்கி ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். அங்கே மண்சாந்தில் அடுக்கிய தடித்த கற்சுவர்களும், அவற்றின்மேல் கனத்த மண்கூரைகளும் இருந்தன. உறங்கியோர்மேல் அவை சரிந்தன. கொன்றது நிலமன்று; வீடே. மாண்டவரின் வினையை நாம் அறியோம். ஆனால், வலுவற்ற சுவர் என்று அறிந்தும் அதனைக் கட்டுவோர்க்கும், கட்டவிடுவோர்க்கும் புதுவினை ஊறும் என்பதை அறிவோம். மறதியாலும் சோர்வாலும் பிற உயிர்க்கு ஊறு விளைவிப்பதும் இம்சையே என்பதன்றோ நம் அறநூல்களின் முடிவு?

நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1895இல் கருங்கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையும் கொண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால், இங்கு 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. 2011 ஜூலை, நவம்பர் மாதங்களில் இடுக்கி மாவட்டத்தில் சிறு அதிர்ச்சிகள் நேர்ந்தபோது, அணையின் கீழே வாழ்வோர் உயிருக்கு அஞ்சினர். இப்பால் வாழ்வோர் நீருக்கு அஞ்சினர். டிசம்பரில் எல்லையில் மோதல் மூண்டது. அங்கே தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர் தாக்குண்டு திரும்பினர். இங்கே மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. நிலம் செய்யாத தீங்கை அச்சம் செய்தது.

அணை பாதுகாப்பானது என வல்லுநர் குழு ஆராய்ந்து கூறிற்று. 142 அடி வரை நீர் தேக்கலாம் என 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அத்தீர்ப்பு நமக்கு ஆறுதலே. எனினும், மலைக்கு அப்பால் இரவில் மழையோசை கேட்டு விழித்திருக்கும் தாயின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் அநேகாந்தம் கற்றவர்க்கு அழகன்று. அணையை ஓயாது சோதிப்பதும் பேணுவதும், சோதனை முடிவை இருபால் மக்களுக்கும் ஒளிக்காது உரைப்பதும் அகிம்சையின் பகுதியே.

இல்லறத்தார் செய்யத்தக்கவை சில உள. வீடு கட்டுகையில் கதவு, சன்னல்களின் மேல்மட்டத்தில் சுவர் முழுவதையும் சுற்றிக் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை அமைக்க வேண்டும். விரிசலுற்ற சுவரின் கீழ்ப் பிள்ளைகளை உறங்கவைத்தல் கூடாது. நிலம் அதிர்ந்தால் மேசையின் அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளவும், அதிர்வு நின்றபின் வரிசையாகத் திறந்தவெளிக்கு வரவும் பள்ளிகளில் பழக்க வேண்டும். வதந்தியைப் பரப்பாமை வாய்மை நோன்பின் கடமையாகும்.

நம் முனிவர்கள் நுகத்தடி அளவு நிலத்தை முன்னே நோக்கி, எறும்பும் நசுங்காவண்ணம் அடியெடுத்து வைப்பர். இல்லறத்தாராகிய நாம் அந்த நோக்கைக் காலத்தின்மேல் செலுத்த வேண்டும். நாளை நேரக்கூடியதை இன்றே கண்டு, பிற உயிர் நசுங்காவண்ணம் சுவர் எழுப்ப வேண்டும்.

உத்தமபாளையத்துப் பாறையில் ஆயிரம் ஆண்டுகட்கும் மேலாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள் அசையாது வீற்றிருக்கின்றன. அவர்முன் நின்று நாம் கேட்கத்தக்கது, "அவர்கள் என்ன வினை செய்தனர்?" என்பதன்று, "நாம் என்ன செய்யாது விட்டோம்?" என்பதே.

அறம் வெல்க!