பென்சிலில் ஒரு 2

ஆட்குறைப்பு என்று சொல்லி, எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை ஸ்பின்னிங் மில்லில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இருபது வருடம் போல ரிங் பிரேம் ஓட்டியவர். மார்க் போட்டுத்தான் ஆளைப் பொறுக்கினார்களாம். ஆபீஸ் மேசையில் கிடந்த தாளை எட்டிப் பார்த்திருக்கிறார். வருகை, உற்பத்தி எல்லாம் பேனாவில். ‘ஒத்துழைப்பு’ கட்டத்தில் மட்டும் பென்சிலில் 2.

ஏன் பென்சில்? போட்டவருக்கே நிச்சயமில்லையா? வேறொரு எண்ணை அழித்துவிட்டுப் போட்டதா? ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்கு வரமுடியாது என்று எப்போதோ சொன்னதற்கா?

1947 தொழில் தகராறு சட்டத்தின் 25ஜி பிரிவுப்படி, ஒரே வேலைப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். மாற்றினால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. பென்சில் 2 ஒரு காரணமா? மனு எழுதித் தருகிறேன், சேலம் லேபர் கோர்ட் வரை போகலாம் என்றேன்.

“என் பேரை எடுத்தா அந்த எடத்துல யாரு பேரு வரும் தம்பி?”

கடைசியாகச் சேர்ந்தவன் யாரென்று இருவருக்கும் தெரியும். போன ஆவணியில் கல்யாணமான பையன். கோர்ட் அதையெல்லாம் பார்க்காது, உங்களை நீக்கியது முறையா என்றுதான் பார்க்கும் என்றேன். சொல்லும்போதே சப்பென்றிருந்தது.

அவர் கேட்டதும் அம்மாதான் நினைவுக்கு வந்தாள். எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டியில் பாதிப் பேருக்கு முறுக்கு வாசனையோடுதான் பால்யம். அம்மா கூலிக்குக் கைமுறுக்கு சுற்றுவாள். சட்டியிலிருந்து எடுக்கும்போது உடைந்தாலும் சுற்றினவள் கணக்கில்தான் கழிப்பார்கள். அநியாயம் என்று எனக்கே தெரிந்தது. அம்மா வாய் திறக்கமாட்டாள். அடுப்பில் நின்றது எங்கள் அத்தை. பயமா, பாசமா? இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை. அம்மா வாயை மூடியதில் முதலாளிக்குத்தான் லாபம் என்பது மட்டும் பின்னால் புரிந்தது.

எதிர்த்து நின்றவர்களும் இருக்கிறார்கள். 2015இல் டி.சி.எஸ். நீக்கிய ஊழியர் ஒருவர் வழக்குப் போட்டார். அவர் மேலாளர், தொழிலாளி அல்ல என்று நிறுவனம் வாதாடியது. 2022இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் முழுச் சம்பளத்தோடு மீண்டும் வேலை தரச் சொன்னது. ஏழு வருடம். படித்தபோது சபாஷ் என்றேன். ஐம்பதைத் தாண்டிய பெரியவரிடம் அதையே உதாரணமாகச் சொல்ல நா எழவில்லை.

சேர்ந்த வரிசைப்படி அனுப்புவது நியாயமா என்றும் ஒரு குடைச்சல். அது யாருடைய கடனையும் கேட்காது. அதே சமயம் யாருடைய கோபத்தையும் உள்ளே விடாது. அந்த 2 வரிசையில் வந்ததல்ல, ஒரு மனிதர் போட்டது. அதைக் கேள்வி கேட்பது பையனின் சோற்றில் கைவைப்பதாகுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். இருவரையும் அப்படி எதிரெதிரே நிறுத்தியது அந்தத் தாள்தானே.

மனுவை எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரியவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுங்கள் என்று வற்புறுத்த எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. சும்மா இருப்பதும் சரியாகப் படவில்லை.