விசில் ஆசை

சிறுவயதில் பேருந்து நடத்துநராக வேண்டுமென்பதே என் இலட்சியம். தோல்பைக்காக அன்று, விசிலுக்காக. ஒருவர் ஊதினால் ஊரே ஏறிய வண்டி நின்றுவிடுகிறதே! குருமடத்தில் சேர்ந்ததும் அவ்வாசை ஒழிந்ததென நம்பினேன். ஒழியவில்லை, அங்கி அணிந்துகொண்டது.

1521இல் பம்பலோனாவில் கால் முறிந்து, பின்னர்ப் படுக்கையில் கிடந்த லொயோலா இஞ்ஞாசியார் புனிதர் வரலாறுகளைப் படித்தார். பிரான்சிஸும் தொமினிக்கும் செய்தவற்றைத் தாமும் செய்தாக வேண்டுமென எண்ணினார். புகழ் தேடிய போர்வீரரின் அதே போட்டி மனம்! அருள் இயல்பை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்கிறார் அக்குவினா தோமையார். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். முற்பாதிக்கு நானே சாட்சி, பிற்பாதிதான் தாமதிக்கிறது.

ஒரகடம் பக்கம் ஞாயிறு திருப்பலிக்குத் தொழிற்சாலைச் சீருடையுடனேயே இளைஞர்கள் வருவதுண்டு. மறையுரையின்போது பின்வரிசையில் உறங்கிய ஒருவரை ஒலிபெருக்கியிலேயே அதட்டி எழுப்பினேன். திருப்பலி முடிந்ததும் அவரே வந்து, "மன்னிச்சிடுங்க ஃபாதர், ஒரு வாரமா நைட் ஷிப்டு" என்றார். என் மறையுரையைவிட அவருக்கு அந்த உறக்கமே தேவையாயிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். மறுவாரம்தான் கேட்டேன், அதற்கே ஏழு நாள்!

இப்போதும் அவர் பின்வரிசையில்தான் அமர்கிறார். கண்ணயர்ந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். கை மட்டும் சில நேரம் விசிலைத் தேடுகிறது.