பதக்கமும் சாட்சியும்

2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, குலசேகரன்பட்டினத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியில் முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் தலைவர் பதவிக்கு நின்றார். சுவரொட்டியில் சீருடையோடு படம். மார்பில் ஒரு வரிசைப் பதக்கங்கள். கீழே, வீரத்துக்காகப் பல பதக்கங்கள் பெற்றவர் என்று ஒரு வரி. அவருடைய ஓய்வூதியக் கணக்கு நான் குமாஸ்தாவாக இருக்கும் கிளையில்தான் இருந்தது.

ஒரு மாலை, இலக்கிய நண்பர்கள் இருவர் வந்தார்கள். வீரப்பதக்கம் பெற்றவர்களுக்கு ஓய்வூதியத்தோடு மாதாமாதம் ஒரு படி சேர்ந்து வரும். கணக்கைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், பார்த்துச் சொல்லும் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். "உண்மையை விட உமக்கு ரூல் பெரிசாப் போச்சா வே?" என்றார் ஒருவர். அப்போது நான் சொன்ன பதிலில் தர்மம் பாதி, வேலை பற்றிய பயம் பாதி. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக வரும் பதில்.

முதலில் அந்தப் படத்தை வாசிக்கவேண்டும். ராணுவப் பதக்கங்கள் எல்லாமே வீரத்துக்குத் தரப்படுவதில்லை. ஒன்பது ஆண்டு சேவை முடித்தால் ஒரு பதக்கம் உண்டு. சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. இவற்றை அணிவதில் எந்தப் பொய்யும் இல்லை. அணிய அவருக்குப் பூரண உரிமை உண்டு. பதக்கங்கள் நிஜமாகவே இருக்கலாம். 'வீரத்துக்காக' என்ற ஒரு சொல்தான் சோதனைக்குரியது. கவிதையில் ஒரு சொல்லுக்காக மூன்று இதழ்கள் சண்டை போடும் நாம், சுவரொட்டியை மட்டும் முகத்தைப் பார்த்துப் படித்துவிட்டுப் போகிறோம்.

ஒரு சேவைப் பதிவைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். அவர் சொல்வது பதிவில் இருக்கிறதா? பதிவில் இருப்பது நடந்ததா? நடந்தது இந்தப் பதவிக்குத் தகுதியாகுமா? முதல் கேள்விக்கு மட்டுமே காகிதம் பதில் சொல்லும். இரண்டாவதற்குச் சாட்சிகள் வேண்டும். மூன்றாவதை வாக்காளன்தான் யோசிக்கவேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கும்போது பரிசீலனை வேட்டையாகவோ வழிபாடாகவோ திரிந்துபோகிறது.

வேட்டைக்கு உதாரணம், 2004இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். வியட்நாமில் ரோந்துப் படகுக்குத் தலைமை தாங்கிய ஜான் கெர்ரிக்கு சில்வர் ஸ்டார், ப்ரான்ஸ் ஸ்டார், மூன்று பர்ப்பிள் ஹார்ட் ஆகியவை கிடைத்திருந்தன. 1971இல் போரை எதிர்த்து, தன் பதக்க நாடாக்களை வீசி எறிந்தவரும் அவர்தான். 2004இல் அதே சேவையை முன்வைத்து வாக்குக் கேட்டார். ஆகவே அது கேள்விக்கு உள்ளாவது நியாயமே. ஆனால் அவரைத் தாக்கிய முன்னாள் படகுப்படையினரில் அநேகமாக யாருமே அவருடைய படகில் இருந்தவர்களல்லர்; படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவர் பக்கமே நின்றார்கள். பதக்கங்கள் முறைப்படியே வழங்கப்பட்டன என்று கடற்படையின் பரிசீலனையும் சொல்லிற்று. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்த பின்னும், இரண்டாவதன் பெயரால் சந்தேகம் மட்டும் விற்பனையாயிற்று. அதே தேர்தலில் எதிர்த்தரப்பு புஷ்ஷின் விமானப்படைக் காவல் சேவை பற்றி ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ஆவணங்களைக் காட்டிவிட்டு, அவை அசல் என்று நிரூபிக்க முடியாமல் பின்வாங்கியது. உண்மையைத் தேடுகிறேன் என்பவன் கையிலும் போலிக் காகிதம் வந்து சேரலாம்.

காகிதத்தின் வரம்பை உணர அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 1942 செப்டம்பரில் இதே குலசேகரன்பட்டினத்தில் லோன் என்ற உப்பு இலாகா அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அது நிறைவேறாமல், பிற்பாடு விடுதலையானார்கள். 1972 ஆகஸ்ட் 15இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியபோது கேட்ட அத்தாட்சிகள் சிறைப் பதிவு, நீதிமன்றப் பதிவு, தேடப்படும் குற்றவாளி என்று அறிவித்த உத்தரவு போன்றவை. ஒரு சர்க்கார் குற்றம் என்று எழுதி வைத்ததே முப்பது வருஷம் கழித்து இன்னொரு சர்க்காருக்குக் கௌரவச் சான்றாயிற்று. காகிதம் மாறவில்லை, அதை வாசித்தவர் மாறினார். ராத்திரியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவள் போலீஸ் பதிவில் ஏறாததால் தியாகியும் ஆகவில்லை. பதிவு என்பது ஓர் அலுவலகம் எதைக் கண்டது என்பதற்கான சாட்சி. அதற்கு மேல் அதனிடம் கேட்பது அபத்தம். அந்த அளவுக்குக்கூடக் கேட்காமலிருப்பது சோம்பல்.

நம் சட்டம் எதைக் கேட்கிறது என்பதும் சுவாரஸ்யமானது. வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் வழக்கு, சொத்து, கடன், கல்வி எல்லாம் உண்டு, பதக்கத்துக்கு இடமில்லை. 2019இல் வாரணாசியில், எல்லைப் பாதுகாப்புப் படையிலிருந்து நீக்கப்பட்ட தேஜ் பகதூர் யாதவின் வேட்புமனு தள்ளப்பட்டது. நீக்கம் ஊழலுக்காகவோ விசுவாசமின்மைக்காகவோ அல்ல என்று தேர்தல் ஆணையத்தின் சான்றை அவர் இணைக்கவில்லை என்பது காரணம். அவமானத்துக்குச் சான்று கேட்கும் சட்டம், பெருமையை நம் பொறுப்பில் விட்டுவிட்டது.

விட்டது சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கலிபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரியத்தின் உறுப்பினர் ஸேவியர் அல்வாரஸ், நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் தனக்குக் கிடைத்ததாகப் பொய் சொன்னார். அதைத் தண்டித்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் செல்லாதென்றது. பெரும்பான்மை நீதிபதிகளில் நால்வர் தந்த தீர்ப்புரையின் சாரம் இது: பொய்ப் பேச்சுக்கு மருந்து உண்மைப் பேச்சு. ஆனால் அந்த மருந்தை யாராவது எடுத்துக் கொடுக்கவேண்டும்.

இங்கே தசராவுக்கு முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, ராஜா, குறவன், போலீஸ் என்று வேஷம் கட்டுகிறார்கள். எல்லோருக்கும் அது வேஷம் என்று தெரியும். வாங்கிய காணிக்கை கோயிலுக்குப் போகிறது. விழா முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போகிறார்கள். தேர்தல் மேடையில் யாரும் காப்பை அவிழ்ப்பதில்லை.

இனி, நண்பர் கேட்டதற்குப் பதில். கணக்கைப் பார்க்காதது சரி. அந்தப் பணம் அவர் என்னிடம் நம்பி வைத்தது. அந்தச் சுவரொட்டி எல்லோர் முன்னும் வைத்தது. பொதுவில் வைத்ததைப் பொதுவிலேயே கேட்கவேண்டும். வீர விருதுகள் இந்திய அரசிதழில் வெளியாகின்றன. எந்தப் பதக்கம், எந்த வருஷத்து அரசிதழ் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டிருந்தால் போதும். மரியாதைக் குறைவும் இல்லை. உண்மையானவராக இருந்தால் அவருக்கே லாபம். நண்பர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு அவர் கவுண்டருக்கு வந்தார். கையெழுத்தைச் சரிபார்த்தேன், ஒத்திருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.