கேட்பவரின் கடன்

மர்ரே ஆறு கடலைச் சேரும் தென் ஆஸ்திரேலியக் கரை, ஙாரின்ஜெரி மக்களின் நாடு. அவர்களுடைய முன்னோன் ஙுருண்டெரி, பொண்டே என்னும் மாபெரும் மீனைத் துரத்திக்கொண்டு ஆற்றோடு இறங்கி வந்தான் என்கிறது கதை. மீன் வாலை வீசிய இடமெல்லாம் ஆறு வளைந்தது. பிறகு, தன்னை விட்டு ஓடிப்போன இரு மனைவியரைத் தேடிக் கடற்கரையோரமாக நடந்தான். அவர்களோ எதிரே தெரிந்த நிலத்துக்குக் கால்நடையாகவே கடந்துகொண்டிருந்தார்கள். அவன் குரலெடுத்து நீரை எழச் சொன்னான். கடல் பொங்கி வந்து அவர்களை மூடிற்று. இருவரும் பாறைத் தீவுகளாக உறைந்தார்கள். அந்தப் பாறைத் தீவுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. அப்பால் கிடப்பது கங்காரு தீவு.

கதையைக் கேட்டு முடித்த பின் ஒரு சிறு குறிப்பு நம்மை நிறுத்துகிறது: அந்தப் பெண்கள் நடந்து போனார்கள். இன்று அங்கே சுமார் 14 கிலோமீட்டர் அகலத்துக்கு நீரோட்டம் மிகுந்த கடல். பனியூழி முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தீவு பெருநிலத்தை விட்டுப் பிரிந்தது. அதன் பிறகு எவரும் அங்கே நடந்து கடந்திருக்க முடியாது. பாட்ரிக் நன் என்ற புவியியலாளரும் நிக்கலஸ் ரீட் என்ற மொழியியலாளரும் கண்டத்தின் கரை நெடுகிலும் 21 இடங்களிலிருந்து இத்தகைய கதைகளைத் திரட்டி, அவை 7,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடலேற்றத்தின் நினைவுகள் என்று வாதிட்டார்கள். ஐயுறுவோர் உண்டு, மனிதக் கற்பனைக்கு எந்தக் கடலையும் பொங்கவைக்க முடியும் என்பார்கள். ஆனால் வெவ்வேறு மொழி பேசும் மக்கள், வெவ்வேறு கரைகளில் நின்று, இங்கே முன்பு நிலம் இருந்தது என்று ஒரே செய்தியைச் சொல்லும்போது, அதைத் தற்செயல் என்று நம்புவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கொண்டால், அந்த 10,000 ஆண்டுகள் 400 தலைமுறைகள். ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. இது எப்படிக் கைகூடியது? நல்ல நினைவாற்றல் என்ற விடை போதாது. நினைவு தேயும், தேயாத இடத்தில் தன் விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளும். சிறந்த கதைசொல்லியிடம்தான் அந்த ஆபத்து அதிகம்.

நடு ஆஸ்திரேலியாவில், தனாமி பாலைநிலத்து வார்ல்பிரி மக்களிடம் ஒரு விடை இருக்கிறது. ஒரு நிலத்தின் கதையும் பாட்டும் சடங்கும் தந்தை வழியில் வருகிறவர்களுக்கு உரியவை; அவர்களுக்கு கிர்டா என்று பெயர். ஆனால் உரியவர்கள் என்பதால் அவர்களே தனித்து அதை நிகழ்த்திவிட முடியாது. அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண்களின் பிள்ளைகள் உடன் இருந்தாக வேண்டும். அவர்கள் குர்டுங்குர்லு. ஆடுகிறவர் மேனியில் வண்ணக் குறிகளைத் தீட்டுவது அவர்கள்; களம் அமைப்பது அவர்கள்; பாட்டில் ஓரடி பிசகினால், ஒரு நீர்ச்சுனையின் பெயர் முன்பின்னாக வந்தால், தடுத்துத் திருத்துவதும் அவர்கள். தாய்மாமன் சொல்கிறான், மருமகன் சரிபார்க்கிறான். தாய்மாமனுக்கு நம் வீடுகளில் உள்ள இடத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் துணிவு விளங்கும். தந்தை மகனுக்குச் சொல்லித்தர, அந்த மகனுடைய சகோதரியின் பிள்ளைகள் அருகிலிருந்து கேட்க, மூன்று தலைமுறைகள் ஒரே நேரத்தில் ஒரு கதைக்குள் இருக்கின்றன.

மரபு என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் சேமிப்பை நினைக்கிறோம். முன்னோர் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சென்ற நகையைப் போல, காத்திருந்து பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டிய பொருளாகவே அது நம் எண்ணத்தில் நிற்கிறது. வார்ல்பிரி மக்களின் ஏற்பாடு வேறொன்றை உணர்த்துகிறது. ஒரு கதை எனக்கு உரியது என்றால், அதைப் பிழையின்றிச் சொல்ல நான் கடன்பட்டவன். அந்தக் கடனைக் கேட்டுப் பெறும் தகுதி என் சகோதரியின் பிள்ளைக்கு உண்டு. கண்டம் முழுவதும் இதே வடிவில் இந்த முறை இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் உரிமையை ஒரு கிளையிலும் பொறுப்பை மறு கிளையிலும் வைத்து, சொல்பவரின் தன்முனைப்புக்கும் கேட்பவரின் அசட்டைக்கும் ஒருசேரக் கடிவாளம் இட்ட ஒரு வாழ்வில்தான், தன் ஆயுளுக்குள் அடங்காத உண்மையை ஒவ்வொரு மனிதனும் தன்னால் இயன்ற தொலைவு சுமந்து அடுத்தவன் தோளுக்கு மாற்றுவது, அறிவாளியின் தனித்திறனாக இல்லாமல், குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவர் மேலும் விழுகிற அன்றாடக் கடமையாகிறது.

திருத்துகிறவர்களில் நிலமும் ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெருமணற்பாலைக்கு உரிய மக்கள், தங்கள் நில உரிமையை நிலைநாட்ட, 1997-இல் ஓர் ஓவியம் தீட்டினார்கள். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் கொண்ட அந்தத் துணிக்கு ஙுர்ராரா என்று பெயர். உரிமை கோரியவர்கள் ஒவ்வொருவராக அதன்மேல் ஏறி, தத்தம் நீர்ச்சுனை தீட்டப்பட்டிருந்த இடத்தில் நின்று, தத்தம் மொழியில் தீர்ப்பாயத்திடம் பேசினார்கள். எவரும் அடுத்தவர் சுனைக்காகப் பேசவில்லை. பேசும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 2007-இல் அவர்கள் உரிமை ஏற்கப்பட்டது. பத்திரமும் சர்வே எண்ணும் கொண்டு நிலத்தை அறிகிற நமக்கு, அவரவர் நிற்க வேண்டிய இடம் எது என்று அவரவர் அறிந்திருப்பதே சான்றாகும் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இனி, சொல்பவரையும் கேட்பவரையும் பிணைத்த இந்த ஏற்பாடு எப்படி உடைந்தது என்பதையும் பேசத்தான் வேண்டும். ஏறத்தாழ 1910 முதல் 1970-கள் வரை, தொல்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்க்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. 1997-இல் வெளியான விசாரணை அறிக்கை, பத்துக்கு ஒன்று முதல் மூன்றுக்கு ஒன்று வரை பிள்ளைகள் அவ்வாறு பறிக்கப்பட்டிருக்கலாம் என்று கணித்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகளைப் பிரித்த அந்தச் சட்டங்களுக்குக் கதைகளைத் தடைசெய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை. கேட்க வேண்டியவரை அகற்றிவிட்டால் போதும். சொல்ல வேண்டியவர் வாயில் சொல் தானே தங்கிவிடும். பாட்டி உயிரோடு இருக்கிறாள், கதை அவள் நெஞ்சில் முழுதாக இருக்கிறது, ஆனால் அவளிடம் வந்து ‘சொல்’ என்று கேட்கும் உரிமை உடைய ஒரே உயிர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேறு பெயரில் வளர்கிறது. 1788-இல் அந்தக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. 2020-இல் அரசு வெளியிட்ட அறிக்கையின்படி, வலுவோடு வாழ்ந்து பிள்ளைகள் பேசி வளர்பவை 12 மொழிகள்.

கேட்காமல் விடுவது மட்டும் அல்ல, தனக்கு உரியதல்லாததைக் கேட்டே தீருவேன் என்பதும் கேட்பவர் செய்யும் பிழை. மர்ரே முகத்துவாரத்தில், குமரங்க் என்ற தொல்பெயருடைய ஹிண்ட்மார்ஷ் தீவுக்கு 1990-களில் பாலம் கட்ட முனைந்தபோது, ஙாரின்ஜெரிப் பெண்கள் சிலர் எதிர்த்தார்கள். அந்த நீர்நிலை பற்றிப் பெண்கள் மட்டுமே அறியத் தகுந்த மரபு ஒன்று உண்டு என்றார்கள். அதை எழுதி, பெண்கள் மட்டும் படிக்க என்று குறித்து, உறையிலிட்டுக் கொடுத்தார்கள். அதே சமூகத்துப் பெண்கள் வேறு சிலர், அப்படி ஒன்றைத் தாங்கள் கேட்டதில்லை என்றார்கள். 1995-இல் மாநில விசாரணை ஆணையம் அது இட்டுக்கட்டப்பட்டது என்று முடிவு செய்தது. எதிர்த்த பெண்கள் ஆணையத்தின் முன் சாட்சி சொல்லவில்லை. 2001-இல், பாலம் திறந்து சில மாதங்கள் கழித்து, கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஒருவர், இட்டுக்கட்டப்பட்டது என்று தம்மால் ஏற்க இயலவில்லை என்று தீர்ப்பளித்தார். எல்லோருக்கும் தெரிந்தால்தான் உண்மை என்று கொள்ளும் ஓர் உலகம், சிலருக்கு மட்டும் தெரிவதே முறை என்று வாழ்ந்த உலகத்தை விசாரிக்க அமர்ந்தால், விசாரணை தொடங்கும் முன்பே ஒரு பக்கம் தோற்றுவிடுகிறது. உண்மையை நிரூபிக்க வேண்டுமானால் மரபை மீற வேண்டும், மரபைக் காக்க வேண்டுமானால் பொய்யர் என்ற பழியைச் சுமக்க வேண்டும் என்ற நிலையில் அந்தப் பெண்கள் நிறுத்தப்பட்டதை இன்றும் வருத்தத்துடன்தான் நினைக்க முடிகிறது.

திருத்துகிறவர் ஒருவர்கூட எஞ்சாத இடத்தில் என்ன செய்வது? அடிலெய்ட் சமவெளியின் கௌர்னா மக்கள் அந்த நிலையில்தான் நின்றார்கள். அம்மொழியைப் பேசி வளர்ந்தவர்களில் கடைசியாக அறியப்படும் இவரிட்ஜி என்ற மூதாட்டி 1929-இல் இறந்தார். எஞ்சியவற்றுள் முதன்மையானது, டைக்கல்மன், ஷூர்மன் என்ற இரு ஜெர்மானியப் பாதிரிமார் 1840-இல் அச்சிட்ட இலக்கணமும் சொற்பட்டியலும். ஏறத்தாழ 2,000 சொற்கள். அவர்களுடைய உழைப்பை நன்றியோடு எண்ணும்போதே அதன் எல்லையும் தெரிகிறது. நம்மிடம் உள்ளது போலவே கௌர்னாவிலும் மெல்லின ஒலிகள் ஆறு. ஐரோப்பியச் செவிக்கு நகரமும் னகரமும் ஒன்றாகவே கேட்டன. ஓர் எழுத்தால் இரண்டையும் எழுதிவிட்டார்கள். தமிழ்ப் பிள்ளை ஒன்று அருகில் இருந்திருந்தால் உடனே மறுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

1990 வாக்கில் கௌர்னாப் பாடல்கள் எழுதுவதில் தொடங்கிய முயற்சி, பள்ளிப் பாடமாகி, 2002-இல் கௌர்னா வர்ரா பிந்த்யாந்தி என்ற குழுவாக வளர்ந்தது. மூத்தவர்களும் இளையவர்களும் மொழியியலாளர்களும் அதில் கூடி, பழைய ஏட்டில் விளங்காததை உறவு மொழிகளோடு ஒப்பிட்டுத் துணிகிறார்கள். புதிய பொருளுக்குப் பெயர் வேண்டுமென்றால் பேசி முடிவெடுக்கிறார்கள். அந்த நகர, னகர வேறுபாட்டையும் எழுத்தில் மீட்டிருக்கிறார்கள். இதைச் செயற்கை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏட்டிலிருந்து எழுந்த பேச்சு பழைய பேச்சாகுமா என்று கேட்கிறார்கள். ஆகாது என்பதை கௌர்னா மக்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. ஆனால் பேரப்பிள்ளை பள்ளியில் கற்று வந்த சொல்லைத் தாத்தா முதன்முறை கேட்கிறார், தவறாக உச்சரிக்கிறார், பிள்ளை திருத்துகிறது, அவர் மறுபடி சொல்லிப் பார்க்கிறார் என்றால், முறை தலைகீழாக மாறியிருக்கிறதே ஒழிய கடமை மாறவில்லை. இப்போதைக்கு அந்தப் பிள்ளைதான் குர்டுங்குர்லு. தாத்தாவின் வாயில் சொல் சரியாக வரும்வரை அது விடப்போவதில்லை.