பெட்டியில் ஒரு டெராபைட், திரையில் 931 ஜிபி

ஒரு டெராபைட் என்று பெட்டியில் அச்சிட்ட ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் இணைத்தால் திரையில் 931 ஜிபி என்று வருகிறது. வட்டில் எதுவும் குறையவில்லை. தயாரிப்பாளர் டெராபைட் என்று சொல்வது 1 லட்சம் கோடி பைட்டை. அத்தனையும் உள்ளே இருக்கின்றன. விண்டோஸ் அந்த எண்ணை 1024ஆல் மூன்று முறை வகுத்து, வரும் விடைக்கும் ஜிபி என்றே பெயரிடுகிறது. கைப்பேசியில் இயங்குதளம் முன்பே பிடித்துவைத்திருக்கும் இடம் வேறு சங்கதி. அது உண்மையான செலவு. இங்கே எழுவது சொல்லைப் பற்றிய கேள்வி: எண் சரியாக இருக்கும்போதே ஒரு கூற்று பொய்யாக முடியுமா?

கிலோ என்றால் ஆயிரம். 1795இல் பிரான்சில் மெட்ரிக் அளவைகள் சட்டமானபோதே அதற்கு அந்தப் பொருள்தான். கணினியின் நினைவகமோ இரண்டின் அடுக்குகளில் வளர்வது. இரண்டின் பத்தாம் அடுக்கு 1024. அது ஆயிரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கவே பொறியாளர்கள் கிலோவைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். கிலோவில் வித்தியாசம் 2.4 சதவீதம்தான். ஆனால் அது அலகோடு சேர்ந்து வளர்வது: மெகாவில் கிட்டத்தட்ட 5, ஜிகாவில் 7, டெராவில் 10 சதவீதம். 1.44 எம்பி ஃபிளாப்பியில் இரண்டு வழக்கும் கலந்தே போயின; அதன் மெகாபைட் ஆயிரத்தை 1024ஆல் பெருக்கி வந்தது. 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024இன் அடுக்குகளுக்குக் கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்கள் வகுத்தது. அவை கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை.

இரண்டு பொருள் தரும் சொல்லால் வரும் வம்பைத் தர்க்க நூலான நியாய சூத்திரம் சலம் என்று பெயரிட்டு ஆராய்கிறது. அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரையில் வரும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. 'நவ' என்ற வடசொல் புதியதையும் குறிக்கும், ஒன்பதையும் குறிக்கும். ஒரு பையனிடம் நவகம்பளம் இருக்கிறது என்று புதுக் கம்பளியைக் கருதி ஒருவர் சொல்ல, இருப்பது ஒன்றுதானே, ஒன்பது எங்கே என்று எதிர்வாதி மறுக்கிறார். சொன்னவர் கருதிய பொருளை விட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டதால் குற்றம் கேட்டவருடையது.

இதை அப்படியே வைத்துப் பார்த்தால் வட்டு வாங்கியவரே குற்றவாளி; தயாரிப்பாளர் கருதியது ஆயிரத்தைத்தான். அந்த முடிவு பொருந்தாது. நவகம்பளத்தை மறுத்தவருக்கு இரண்டு பொருளும் தெரியும், தெரிந்தே புரட்டினார். வட்டு வாங்குபவருக்கோ இரண்டு பொருள் உண்டு என்பதே தெரியாது. தெரிந்தவர் விற்பவர். அதே கடையில் 8 ஜிபி என்று விற்கும் ரேமில் ஜிகா 1024இன் அடுக்கு, வட்டில் ஆயிரத்தின் அடுக்கு என்பது அவர் அறிந்த செய்தி.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயல்பானது, என்றும் உள்ளது என்பது வேத விளக்க மரபினரான மீமாம்சகர் கட்சி. அவர்கள் வழியில் போனால் கிலோ எந்நாளும் ஆயிரமே, வழக்கு அத்தோடு முடிந்துவிடும். உறவு உடன்பாட்டால் வருவது என்பது நியாய மரபினரான நையாயிகர் கட்சி. அங்கே, யாரோடு செய்துகொண்ட உடன்பாடு என்று கேட்க இடம் இருக்கிறது. வாங்குபவரை யாரும் கலந்துகொள்ளவில்லை. திருக்குறளின் வாய்மை அதிகாரமோ பிறருக்குத் தீங்கு விளையாமையை வாய்மைக்கு அளவாக வைக்கிறது. திரை 950 ஜிபி என்று காட்டும் குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்த ஒரு டெராபைட் வட்டு வாங்கியவருக்கு இடம் போதாமல் போகிறது. தீங்கு சிறியதுதான், இல்லாதது அல்ல.

அமெரிக்காவில் இது நீதிமன்றத்துக்கும் போனது. 2006இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தவறை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்துக்கு வந்து, வாங்கியவர்களுக்கு ஒரு மென்பொருளை இலவசமாகத் தந்தது. 1 ஜிபி என்பது 100 கோடி பைட் என்ற குறிப்பு இப்போது பெட்டிகளில் சிறிய எழுத்தில் இருக்கிறது. எந்தப் பொருளில் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டதால் தயாரிப்பாளர்மேல் இருந்த குறையில் பெரும்பகுதி நீங்குகிறது. மிச்சம் திரையின்மேல் இருக்கிறது. ஆப்பிள் 2009இல் மேக் கணினிகளை ஆயிரத்தின் கணக்குக்கு மாற்றியதால் அங்கே பெட்டியும் திரையும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. விண்டோஸ் 1024ஆல் வகுத்து, ஜிபி என்றே எழுதிவருகிறது.